பதினெட்டாவது கைரேகை

எந்த ஆண்டு என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொண்ணூற்றாறு என்கிறது என் மனது. இரண்டாயிரம் என்கிறாள் என் மனைவி. பேசியதெல்லாம் இதே சொற்களில்தானா என்பதும் சந்தேகம். செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நிச்சயம். படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. அக்ராவுக்கு மேற்கே, எங்கள் கரையில் செவ்வாயன்று யாரும் கடலுக்குப் போவதில்லை.

நான் அப்போது வக்கீல் அராபா எடுஃபுல்லின் குமாஸ்தா. எங்கள் ஊரில் கறுப்பு அங்கி போட்ட முதல் பெண் அவர். பதினாறு வருடம் வழக்காடி, கட்சிக்குள் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் நாடாளுமன்ற வேட்பாளரானார். மனுத் தாக்கலுக்கு அன்று கடைசி நாள். ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

நாலேகாலுக்கு மனுவை நீட்டினோம். தேர்தல் அதிகாரி விரல் வைத்துப் படித்தார்.

"ஆதரவாளர்கள் பதினெட்டுப் பேர் வேணும் மேடம். உங்களுக்குப் பதினேழுதான்."

"நல்லா எண்ணுங்க."

"எண்ணிட்டேன். எஜ்யா அட்டாங்கறவர் காலையில எதிர் வேட்பாளர் பாஃபோவோட மனுவிலயும் கைநாட்டு வெச்சிருக்கார். ஒருத்தர் ஒரு வேட்பாளருக்குத்தான் வைக்கலாம்."

எஜ்யா அட்டா வக்கீலம்மாவின் தாய்மாமன், குடும்பத் தலைவர். எங்களோடுதான் வந்திருந்தார்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? நீங்களும் புட்டியோட வந்தீங்க, அவனும் புட்டியோட வந்தான். வீடு தேடி மரியாதைக்கு ஷ்னாப்ஸ் சாராயம் கொண்டு வந்தவனை மறுத்து அனுப்பினா நான் என்ன குடும்பத் தலைவன்?"

"குடிச்சது சரி மாமா. கைநாட்டு எதுக்கு?"

"அவன் கேட்டான்மா!"

ஆதரவாளர் எங்கள் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும்; அலுவலகம் இருந்த ஊர் பக்கத்துத் தொகுதி. எங்கள் ஆட்களோ பதினைந்து மைல் தள்ளி, மேளத்தோடு வரவேற்புக்குக் காத்திருந்தார்கள். போய்த் திரும்ப நேரமில்லை. நான் ஏற்கெனவே அந்தப் பதினேழில் ஒருவன். எங்கள் ஊர்க்காரி ஒருத்திதான் அங்கே இருந்தாள்: வாசலில் கருவாடு விற்கும் மாமி எக்குவா. நான் ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. அவளைக் கண்டதும் கால் தயங்கியது. நிலத்துக்காரர் ஒருவருக்காக வழக்காடி, அவளுடைய மீன் புகைபோடும் அடுப்புகளை இடிக்க உத்தரவு வாங்கியது வக்கீலம்மா. நோட்டீஸ் கொடுத்தது நான்.

"என்ன குமாஸ்தா, மறுபடியும் நோட்டீஸா? இந்தத் தடவை என் கூடையை இடிக்கப் போறீங்களா?"

பின்னாலேயே வக்கீலம்மா வந்து நின்றார். மணி நாலு நாற்பது.

"மாமி, என் மனுவுக்கு உங்க கைநாட்டு வேணும்."

"என் ஆறு அடுப்பையும் தரைமட்டமாக்கின வாயா கேக்குது?"

"அதே வாய்தான்."

"மன்னிப்புக் கேக்க மாட்டியா?"

"நிலம் அந்தாளோடது. இன்னிக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மாமி கூடையை மூடினாள். "அவனுக்கு முன்னாடி நான் உன் படியேறியிருந்தா?"

"உங்க பக்கம் நின்னிருப்பேன். ஜெயிச்சிருக்க முடியாது. ஆனா அஞ்சு வருஷம் இழுத்திருப்பேன்."

பக்கத்தில் கெங்கே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை விற்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "இழுப்பா, இழுப்பா! மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது!"

மாமியும் சிரித்துவிட்டாள். "பாஃபோ இந்த வழியாத்தான் போனான். மீன்காரி கைக்கு மதிப்பில்லைன்னு நினைச்சான் போல. நீதான் முதல்ல வந்தே, நட!"

இடுப்புத் துணியின் முடிச்சிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தாள். படிவம் நாலு பிரதி. முதல் ரேகையே மீன் எண்ணெயில் வழுக்கியது. "ரேகை தெரியணும்," என்றார் அதிகாரி. வக்கீலம்மா தன் தலைத்துணியை உருவி மாமியின் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு! நாலு ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது. எஜ்யா அட்டா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"கைநாட்டு மட்டும்தான்," என்று மாமி கத்தினாள். "ஓட்டையும் எதிர்பார்க்காத!"

வக்கீலம்மா இருநூற்றுச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார். இரண்டு தவணை உறுப்பினராக இருந்தார். மூன்றாவதில் தோற்றுக் கோர்ட்டுக்கே திரும்பினார். பாஃபோ அரசியலை விட்டு அக்ராவில் சிமெண்ட் விற்றார். எஜ்யா அட்டா அடுத்த ஆண்டே காலமானார். மாமி எக்குவா வேறு சின்னத்துக்குத்தான் வாக்களித்தாள். அவளே ஊரெல்லாம் சொன்னாள். நான் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றேன்.