கன்னத்தில் வைத்த பெயர்

நாள் முழுக்க ஊரார் பெயரைக் கூவுவதுதான் என் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்துவேன். எனக்குத் தம்பியாகப் பிறந்தவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் வாயால் யாரையும் கூப்பிட்டதில்லை என்பதால் எங்களுக்கெல்லாம் பெயரில்லாமல் போகவில்லை. சின்ன வயதிலேயே ஆளுக்கொரு பெயரைக் கையால் வைத்துவிட்டான். அப்பா என்றால் மீசையை முறுக்குவான். நான் என்றால் புறங்கையால் மூக்கைத் துடைப்பான். எனக்கு அப்போது ஓயாத சளி, அதற்காக ஒருத்தியை இப்படியா காலத்துக்கும் கேவலப்படுத்துவது.

அம்மாவுக்கு மட்டும் நல்ல பெயர் வாய்த்தது. அம்மாவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அவன் ஒரு விரலைத் தன் கன்னத்தில் வைத்தால், அம்மா. கூடவே கட்டை விரலை உதட்டில் சாய்த்தால், அம்மா தண்ணி. அடுப்படி வாசலில் நின்று பொழுதுக்கும் தண்ணி கேட்பான். நிஜமாகவே தாகமா, கூப்பிட ஒரு சாக்கா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். இரண்டு பஸ் மாறிப் போய், அவனை அங்கேயே விடுதியில் விட்டுவிட்டு வர வேண்டும். பேச வைப்பதுதான் அங்கே படிப்பு. 'ப' சொல்லும்போது எதிரே இருக்கிற மெழுகுவத்திச் சுடர் ஆட வேண்டும். 'ம' சொல்ல டீச்சரின் மூக்கில் விரலை வைத்து அதிர்வைப் பிடிக்க வேண்டும். கை மட்டும் அசையவே கூடாது. பிள்ளைகள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே தலைமையாசிரியையை எல்லாரும் பெரிய டீச்சர் என்பார்கள். சேர்த்த அன்று அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"லீவுல வீட்டுக்கு வரும்போது கையைக் காட்டினா பாக்காதீங்க. மூஞ்சியத் திருப்பிக்கோங்க. வாயத் திறந்து கேட்டாத்தான் தண்ணிகூடக் குடுக்கணும். நீங்க எளகிட்டீங்கன்னா அவன் ஆயுசுக்கும் ஊமைதான்."

"நான் எளகாம இருந்தா அம்மான்னு சொல்லுவானா டீச்சர்?"

"கண்டிப்பா சொல்லுவான்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் என் கோபம் அந்த நியாயத்தையெல்லாம் கேட்பதில்லை.

முதல் லீவுக்கு வந்தவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படிக்கு ஓடினான். விரலைக் கன்னத்தில் வைத்தான். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளையாட்டு என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் ஓடிப் போய் நின்று மறுபடியும் வைத்தான். அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஏதோ ஒரு சத்தம் எழுப்பினான். அம்மா அழுதுகொண்டே தண்ணியை நீட்டினாள். அவன் டம்ளரைத்தான் பார்த்தானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லீவு முடிவதற்குள் அந்த விரல் கன்னத்துக்குப் போவதே நின்றுவிட்டது.

அம்மா என்ற சொல்லும் வந்து சேரவில்லை. வளர்ந்த பிறகு ஒரு நாள் பஸ்ஸில் அவன் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க, கண்டக்டர் அதே மாதிரி சொல்லிக் காட்ட, பஸ்ஸே சிரித்தது. அன்றோடு வாயை மூடிக்கொண்டான். ஆனால் பெரிய டீச்சரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, விடுதிப் பிள்ளைகள் குளியலறைக்குப் பின்னால் நின்று ஒருவருக்கொருவர் ஒரு முழு மொழியையே கையால் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அந்த மொழியில் அம்மா என்பதற்கு ஒரு சைகை உண்டு. எங்கள் அம்மாவுக்கும் அவன் அதைத்தான் காட்டினான்.

"அது ஊர்ல இருக்கிற எல்லா அம்மாவுக்கும் சேத்து வெச்சதுடி," என்பாள் அம்மா. "எனக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தானே. ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

"அவன்கிட்டயே கேளேன்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது? அவனப் பாக்காம திருப்பிக்கிட்டேனே, அந்த மூஞ்சியயா?"

காலம் தலைகீழாக மாறியது. கையைக் கட்டிப்போட்ட அதே பள்ளிக்கூடம் சைகை தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்று தேடி, என் தம்பியையே வேலைக்கு வைத்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் பெற்றோருக்கும் அவன் சைகை வகுப்பு எடுக்கிறான் என்று தெரிந்ததும், தானும் போக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். இருக்கிற முட்டிவலிக்கு இரண்டு காலில் நிற்பதே பெரும்பாடு. நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன்.

குட்டி நாற்காலிகளில் இளம் தாய் தகப்பன்மார் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கையால் சொல்வதை, காது கேட்கிற ஒரு சின்ன டீச்சர் பக்கத்தில் நின்று வாயால் சொன்னாள். "உங்க பிள்ளைங்க வீட்டுல உங்களுக்குன்னு ஒரு சைகை வெச்சிருப்பாங்க. அத அழிச்சிடாதீங்க. ஒவ்வொருத்தரா காட்டுங்க, பாப்போம்."

ஒருத்தி பின்னலை இழுத்துக் காட்டினாள். ஒரு தகப்பன் தொந்தியைத் தடவினான். சிரிப்பு அடங்கியபோது அம்மாவின் முறை வந்திருந்தது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் விரலைத் தூக்கி, இடது கன்னத்து மச்சத்தின் மேல் வைத்தாள்.

தம்பி பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான்.

பாவி, மறந்தே போய்விட்டான். ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது. அவன் அம்மாவின் எதிரில் வந்து மண்டியிட்டு, அவள் விரலை மச்சத்திலிருந்து எடுத்து வலது கன்னத்தில் வைத்தான்.

"மச்சம் இந்தப் பக்கம்தானேய்யா இருக்கு," என்றாள் அம்மா, காது கேட்காதவனிடம்.

அவன் தன் விரலைத் தன் வலது கன்னத்தில் வைத்துக் காட்டினான். முகத்துக்கு முகம் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் விரலுக்கு நேர் எதிரே அம்மாவின் மச்சம் இருந்தது. அடுப்படி வாசலில் நின்று அவளை நிமிர்ந்து பார்த்த பிள்ளைக்கு, மச்சம் எப்போதும் அந்தப் பக்கம்தான். எந்தக் கன்னம் என்பதைக்கூட அவன் மறக்கவில்லை. நாங்கள்தான் மறந்திருந்தோம்.

அவன் எழுந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினான். "இது இவங்க பேரு. எல்லாரும் ஒரு தடவ சொல்லுங்க," என்றாள் சின்ன டீச்சர். அத்தனை பேரும் வலது கன்னத்தில் விரலை வைத்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை விட்டார்கள். தண்ணீர்ப் பானை அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்து, கன்னத்தில் விரலை வைத்து, கட்டை விரலை உதட்டில் சாய்த்தான். சுவரைப் பிடிக்காமல் எழுந்தே பழக்கமில்லாத அம்மா, எதையும் பிடிக்காமல் எழுந்து போய் மொண்டு வந்து கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே முழுவதும் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் விரலைக் கன்னத்தில் வைத்தான்.