பட்டப்பகலில் லைட்டைப் போட்டவன்

என் வேன் என்ன நிறம் என்று கேட்டால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதில் வெள்ளை என்று போட்டிருக்கிறது. பதினாறு வருடமாக எங்கள் ஊருக்கும் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்கும் நடுவில் ஓடி ஓடி அது ரோட்டின் நிறத்துக்கே வந்துவிட்டது.

ரோட்டில் போகிற வண்டி ரோட்டின் நிறத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஆவணியில் ஒரு காலையில் தெரிந்தது. வெயில் எனக்கு முதுகுப் பக்கம், எதிரே வருகிறவனுக்கு நேர்கண்ணில். லோடு லாரி ஒன்றை முந்திக்கொண்டு பைக்கில் ஒருவன் என்மேலேயே வந்தான். வண்டியை இடது பக்கம் கருவேலஞ்செடிக்குள் இறக்கினேன். உள்ளே வேலைக்குப் போகும் பெண்கள் இருபத்திரண்டு பேர். யாருக்கும் அடியில்லை. ஆறு தூக்குவாளிச் சோறு மட்டும் கொட்டிப்போனது.

"அண்ணே, சத்தியமா வண்டி வந்ததே தெரியலண்ணே" என்றான் பைக்கில் வந்தவன். அடிக்கக் கையை ஓங்கினேன். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வது? தலையைச் சொறிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. உறங்கும்போதெல்லாம் இடது பக்கமாகவே உருண்டு கட்டிலை விட்டு விழுகிறேன் என்று வீட்டில் புகார். கண்ணை மூடினால் இருபத்திரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

புரட்டாசியில், டிரைவர்களுக்குப் பாதுகாப்புக் கூட்டம் என்று கம்பெனியில் என்னைச் சூலக்கரைக்கு அனுப்பினார்கள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட், ஒன்றரை மணி நேரப் பேச்சு. வீட்டில் வராத தூக்கம் அங்கே நன்றாக வந்தது. மேடையிலிருந்த அதிகாரி சொன்ன ஒரு வார்த்தையில்தான் விழித்தேன்.

"பகல்ல லைட் போடுறது நீங்க ரோட்டைப் பார்க்க இல்ல. எதிர்ல வர்றவன் உங்களைப் பார்க்க."

என்னை யாராவது பார்க்க வேண்டும் என்று இந்த நாற்பத்தெட்டு வயதில் நான் ஆசைப்பட்டது ஒரே தடவைதான், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். இது இரண்டாவது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள், சைலன்ட்டில் போடுங்கள் என்றும் அவர் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டேன். நல்ல பிள்ளையாக ஆவதென்று ஒருவன் முடிவுசெய்துவிட்டால் அரைகுறையாக ஆகக் கூடாது.

மறுநாள் காலையில் ஊரைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் லைட்டைப் போட்டேன். எதிரே வந்தவர்கள் ஒருத்தரும் சும்மா போகவில்லை. கையை உயர்த்தி, விரல்களை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினார்கள். பால்காரர் காட்டினார். டவுன் பஸ் டிரைவர் காட்டினார். பியூலா டீச்சர் ஸ்கூட்டியை ஒற்றைக் கையில் தள்ளாட ஓட்டியபடி காட்டினார். என் பேட்டரியைக் காப்பாற்ற அவர் தன் உயிரைப் பணயம் வைத்தார்.

எனக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து வருவது பானுப்பிரியா. அவள் வாய்க்குப் பிரேக் கிடையாது.

"என்னண்ணே, போறவுக வாறவுக எல்லாம் உங்களுக்குக் கையைக் காட்டுறாக? எலெக்சன்ல நிக்கப் போறீகளா?"

"லைட் எரியுதுன்னு சொல்றாக."

"எரியுதுல்ல? அமத்துங்க."

"வேணும்னுதான் போட்ருக்கேன். எதிர்ல வாறவனுக்கு நாம தெரியணும்ல."

"இம்புட்டுப் பெரிய வேனு தெரியாதவனுக்கு இத்துனூண்டு பல்பா தெரியப் போகுது?"

"ஆவணியில தெரியலயே தாயி."

அன்று கொட்டியதில் அவள் சோறும் ஒன்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி சீட்டிலிருந்து ரோஜாவின் குரல் கொட்டாவியோடு வந்தது. "போட்டுட்டே போங்கண்ணே. நம்மளையும் யாராச்சும் பாக்கட்டும்."

தீபாவளி சீசன். ஒரு மாதமாக எல்லாருக்கும் ஓவர்டைம். வேனில் ஏறியதும் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள்.

அன்று பதினொன்றரை மணிக்கு மேற்கே மேகம் திரண்டு கறுத்தது. இரண்டு இடி, நெஞ்சு அதிர. இடி மின்னல் என்றால் வெடிமருந்தைத் தொடக் கூடாது, ஆட்களை வெளியேற்றிவிட வேண்டும். போர்மேன் எல்லாரையும் கிளம்பச் சொன்னார். அரைநாள் கூலி போயிற்றே என்பதும் அரைநாள் உறங்கலாமே என்பதும் ஒரே முகத்தில் தெரிய, பெண்கள் வந்து ஏறினார்கள். ஆலைக்குள் செல்போன் கூடாது என்பதால் யாரும் போன் கொண்டுவருவதில்லை. வேனில் இருந்தது என் போன் ஒன்றுதான். அதுவும் சைலன்ட்டில்.

மழை இறங்கவில்லை. மேக இருட்டில் என் லைட் ஜோராக எரிந்தது. ஒரு மணல் லாரி எனக்காக ஒதுங்கி வழி விட்டது. பதினாறு வருடத்தில் முதல் தடவை. அந்த அதிகாரிக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் திரும்பினால் ஊர் முனையில் கூட்டமாக நிற்கிறார்கள். என் புத்திக்கு, லைட் போட்டதைப் பார்க்கத்தான் நிற்கிறார்களோ என்று தோன்றியது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் பிய்த்துக்கொண்டு நடுரோட்டில் ஓடி வந்தான். சின்னச்சாமி. ரோஜாவின் புருசன். ஊர் முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். நிற்பான் நிற்பான் என்று பார்த்தேன், நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டிக்கும் அவன் முட்டிக்கும் ஒரு சாண்.

அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் கம்பெனி வண்டி ஒன்று நடுப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஆலையில் மருந்து தீப்பிடித்தபோது இந்தச் சின்னச்சாமியையே அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதில் ஒட்டிப்போன மூன்று விரல்கள் இன்றைக்கும் பிரியாது. அன்றைக்கு லைட்டைப் போட்டு, ஆரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டியவன் நான்தான். இதை வேறு எவனாவது மறந்திருந்தால் நானே செருப்பால் அடித்திருப்பேன்.

ஊருக்குக் கேட்டது இரண்டு சத்தம். தெரிந்தது ஆலை இருக்கிற மேற்கே கறுப்பு. பிறகு என் வேன். போனை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு அழைப்பு.

சின்னச்சாமி பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் தேடிய முகம் இல்லை. கடைசி சீட்டில் ஒரு உடம்பு நீட்டிப் படுத்திருந்தது. முகத்தின்மேல் துண்டு. துண்டுக்கு வெளியே சரவெடித் தாளின் சிவப்புச் சாயம் படிந்த கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வேனுக்குள் இருந்தவர்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பானுப்பிரியாதான் முதலில் பாய்ந்தாள். "ஏ ரோஜாக்கா! எந்திரிக்கா! எந்திரிச்சுத் தொலைக்கா! ஒன் புருசன் செத்துருவாரு போல!"

துண்டு விலகியது. ரோஜா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஊரு வந்துருச்சா?" பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். "என்னய்யா இங்கன உக்காந்திருக்க? சோறு வடிச்சிட்டியா?"

"இல்ல" என்றான். "கொதிக்கையில விட்டுட்டு வந்துட்டேன்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதான்.

அழுது முடித்ததும் என் சட்டையைப் பிடித்தான். "ஏலே சங்கிலி, கிறுக்குப் பயலே! பட்டப்பகல்ல எவன்டா லைட்டைப் போடுவான்?"

ஊர் மொத்தமும் சேர்ந்துகொண்டது. யாராவது நெஞ்சடைத்துச் செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். நியாயம்தான். ஆவணியில் கருவேலஞ்செடிக்குள் இறங்கியதையும் சூலக்கரைக் கூட்டத்தையும் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கை நீட்டி லைட்டை அணைத்தேன். இனி பழையபடி ரோட்டின் நிறத்திலேயே ஓட வேண்டியதுதான். ராத்திரி இடது பக்கம் உருள வேண்டியதுதான்.

ரோஜா இறங்கி வந்தாள். உறக்கக் கலக்கத்தில் சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எதுக்கு அமத்துறீக? போடுங்க. தெனமும் போடுங்க. என்னைக்காச்சும் ஒருநா எரிஞ்சாத்தான பயம்? தெனமும் எரிஞ்சா வேனு வருதுன்னு அவுகவுக சோலியப் பாப்பாக. அன்னைக்குச் செடிக்குள்ள போனது நாங்கதான, இவுகளா?"

வேனிலிருந்த பெண்கள் ஆமா ஆமா என்றார்கள். கூட்டம் கொஞ்சம் தணிந்தது. சின்னச்சாமி மட்டும் என் சட்டையை விடவில்லை.

"சரி, தெனமும் போடு. அப்ப நெசமாவே ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கு எப்படிலே தெரியும்?"

 இந்த மாதிரி நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்யும்.

"அன்னைக்கு அமத்திட்டு வாறேன்" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.  சின்னச்சாமி சட்டையை விட்டு, கசங்கிய இடத்தை அந்த ஒட்டிய விரல்களால் நீவிவிட்டான்.

"மறந்துர மாட்டியே?"

"மாட்டேன்."

இப்போது தினமும் லைட்டோடுதான் போகிறேன், வருகிறேன். மெயின் ரோட்டில் இன்னும் கையைக் காட்டுகிறார்கள். பியூலா டீச்சர் மட்டும் என் மண்டையில் எதுவும் ஏறாது என்று விட்டுவிட்டார். ஊர் முனையில் யாரும் கூடுவதில்லை. சாயங்காலம் இரண்டு லைட்டும் தெரிந்ததும் சின்னச்சாமி கடையைப் பூட்டிவிட்டு உலை வைக்கப் போய்விடுகிறான்.

எனக்குத்தான் புதுக் கவலை. பல்பு பீஸ் போனால் என்ன ஆகும்? சாத்தூரில் நாலு பல்பு வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். அதுவும் போதவில்லை. விலக்கில் திரும்பும் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், முன்னால் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். "கண்ணாடி வேணுமாண்ணே, சீப்பு தரவா?" என்று பானுப்பிரியா ஒரு வாரம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

நேற்று அசதியில் இறங்காமலே திருப்பப் பார்த்தேன். கடைசி சீட்டிலிருந்து துண்டுக்குள் ஒரு குரல் வந்தது.

"அண்ணே, பாத்தீகளா?"

வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டும் எரிந்தன.

"எரியுது தாயி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஏறினேன்.