கடுகுப் பிண்ணாக்கு கரையாத மூன்று வாரங்கள்

1

இந்தக் கதை எனக்குக் கதையாகக் கிடைக்கவில்லை; கேள்வியாகக் கிடைத்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் ரேஷ்மா, சேலையூரில் ஒரு சிறிய கூடத்தில் கடுகுப் பிண்ணாக்கிலிருந்து புரதப் பொடி தயாரிக்கிறாள். "ஆறு மாசமா நல்லா கரைஞ்சுது. இப்ப மூணு வாரமா கரையல. ஏன்னே தெரியல" என்றாள். எழுதிப் பார்த்தால் பிடிபடும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'தாம்பரத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு —' வேண்டாம். மழைக்கும் பிண்ணாக்குக்கும் என்ன தொடர்பு?

இரண்டாவது: 'புரதம் என்பது நீண்ட சங்கிலி.' பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக வழியில்லை.

(சங்கிலி சுருண்டு கட்டியாகக் கிடந்தால் நீரில் சரியாகக் கரையாது. பப்பாளிப் பாலில் உள்ள நொதி அதைக் கண்ணி கண்ணியாக வெட்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகும். பாடத்தில் இதன் பெயர் நீராற்பகுப்பு. கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அங்கும் இதுதான் நடக்கிறது.)

2

ரேஷ்மாவின் குடுவையில் நான்கு விரல் உயரத்துக்குப் படிவு அசையாமல் நின்றது. நொதி கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்தாள். அது இருப்பது ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜைத் துடைப்பவர் பெரும்பாக்கத்திலிருந்து வரும் சிட்டிபாபு.

"ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணீங்களாண்ணா?"

"பண்ணேன் மேடம். ஐஸு மலையாட்டம் கட்டிகினு கெடந்துச்சு. அரை மணி நேரந்தான். அதுக்குள்ள உன் மருந்து செத்துப்பூடுமா?"

"செத்துடும்."

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டாள். அதையே முதலாளி தினகரனுக்கும் எழுதி அனுப்பினாள். 'திங்கக்கிழமைலேருந்து வேற ஆள் பாத்துக்கலாம்' என்று பதில் வந்தது. சிட்டிபாபுவுக்கு வேலை போக இரண்டு நாள் இருந்தது.

3

தினகரனை வில்லனாக்கிப் பார்த்தேன். 'கடுகடுத்த முகத்துடன் அவர் —' ஒட்டவில்லை. அப்பா காலத்தில் ஏர் ஓட்டிய நிலத்தில் இன்று கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். அவருக்கு அவசரம் மட்டுமே. கெட்ட எண்ணம் இல்லை. நல்ல சரக்கு என்றால் பெருமை வேறு. ரேஷ்மாவிடம் சொன்னாராம்: "மெஷின் புண்ணாக்கு வறுபட்டுப் போனதும்மா. இது மரச்செக்கு. சூடே படாதது!"

செக்குப் பிண்ணாக்கா? எப்போது மாற்றினார்கள்? மாடிக்கு ஏறிப் போய் ரேஷ்மாவிடம் கேட்டேன்.

"நான்தான் கேட்டு வாங்கினேன். அதுதான் சுத்தம்னு."

"எப்ப?"

"மூணு வாரம் இருக்கும்."

(அதுவரை எழுதிய நான்கு பக்கங்களைக் கிழித்தேன். அவற்றில் சிட்டிபாபு குற்றவாளியாக இருந்தார்.)

4

மறுநாள் சனிக்கிழமை. நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க, ரேஷ்மா மூன்று கிண்ணங்களில் வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலை ஊற்றினாள். ஜெலட்டினும் புரதம்தான், சங்கிலி முழுதாக இருந்தால் குளிரில் உறையும், வெட்டுப்பட்டால் உறையாது.

"இன்னா மேடம், வேலைய விட்டுத் தூக்கிட்டு ஜெல்லி குடுத்து அனுப்புறியா?" என்றார் சிட்டிபாபு.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தபோது வெறும் ஜெலட்டின் உறைந்திருந்தது. நொதி சேர்த்தது தண்ணீராகவே இருந்தது.

"அப்போ மருந்து சாவல."

"சாகலண்ணா."

"அப்போ என்னை எதுக்கு —"

அவள் மூன்றாவது கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் நொதியோடு, செக்குப் பிண்ணாக்கைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த நீரையும் சேர்த்திருந்தாள். அது கல்லாக உறைந்திருந்தது. நொதி என்ற கத்திரிக்கோல் நன்றாகத்தான் இருந்தது. அந்த நீர்தான் அதை மழுக்கியது.

"காஞ்சிருந்தப்போ ஒண்ணியும் இல்ல. தண்ணி பட்டதும் இன்னா எரி எரியுது!" பிண்ணாக்கு ஊறிய வாளிக்குப் பக்கத்தில் நின்ற சிட்டிபாபு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரேஷ்மா வாளியை முகர்ந்தாள். அவள் கண்ணிலும் நீர் வந்தது.

* கடுகில் காரம் காரமாக இல்லை. அதன் மூலப்பொருள் ஓர் அறையில், அதை உடைக்கும் கடுகின் சொந்த நொதி இன்னோர் அறையில். நசுக்கி நீர் ஊற்றினால் இரண்டும் சந்திக்கும், காரம் பிறக்கும். அது பப்பாளி நொதியின் வெட்டும் முனையில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். தாளித்த கடுகு மூக்கில் ஏறாது, ஏனென்றால் சூட்டில் கடுகின் நொதி முதலிலேயே செத்துவிடுகிறது. மெஷின் பிண்ணாக்கிலும் அப்படித்தான். செக்கில் அது உயிரோடு இருக்கிறது.

கொதிநீரில் போட்ட பிண்ணாக்கின் நீரை ஆறவிட்டு, ஜெலட்டினும் நொதியும் இருந்த நான்காவது கிண்ணத்தில் சேர்த்தாள். உறையவில்லை. அதே பிண்ணாக்கைக் குடுவையில் நொதியோடு போட்டதும், மாலைக்குள் படிவு ஒரு விரலுக்கு இறங்கியது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தினகரன் மன்னிக்கிறார், சர்க்கரை அதிகம். இன்னொன்றில் சிட்டிபாபு 'உன் வேலையும் வேணாம்' என்று கிளம்பிவிடுகிறார். அவர் வாயால் அப்படிச் சொல்லவைக்க நான் யார்?

ரேஷ்மா கைபேசியில் ஒரு செய்தி அடித்து என்னிடம் காட்டினாள். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினாளா, தினகரன் என்ன சொன்னார், திங்கட்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைத்தது யார் என்பதையெல்லாம் உங்களிடம் விடுகிறேன். அவள் எழுதியது இது:

'சார், நொதி கெடவில்லை. சிட்டிபாபு அண்ணன் மேல் தப்பு இல்லை. பிண்ணாக்கை மாற்றியது நான், சோதிக்காமல் பழி சொன்னதும் நான். அவர் வேலையில் இருக்கட்டும். இனி செய்ய வேண்டியது: முதலில் தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டும். கொதிக்கும்போதுதான் பிண்ணாக்குத் தூளைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் கரைத்துப் பிறகு சூடாக்கினால் பயனில்லை; அதற்குள் காரம் உண்டாகிவிடும். பத்து நிமிடம் கொதித்தபின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அப்புறம் நொதியைச் சேர்க்க வேண்டும். கரையும்.'