ஒன்பது டெஸ்லாவில் ஓர் ஆணி

அப்பா நாகேந்திரத்தைக் கனத்தை மயானத்தில் எரித்த மூன்றாம் நாள், நிருஷா வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டாள். இன்னும் அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சொந்தபந்தம் என்னவெல்லாம் கதைத்தது!

"துடக்கு வீட்டுப் பிள்ளை வெறுமனே வெளிக்கிடக்கூடாது," என்று அம்மா நேசமலர் ஒரு கைக்குட்டை முடிச்சை அவளுடைய சட்டைப் பைக்குள் திணித்தாள். "இரும்பு இருந்தால் ஒண்டும் அண்டாது."

"ஓம்," என்றாள் நிருஷா. எதற்கு ஓம் என்றாளோ, அவளுக்கே தெரியாது.

போகாமலும் முடியாது. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்துக்குக் கொழும்பில் யாரிடம் போய் நிற்பது? அதனால்தான் மின்சாரத்திலேயே குளிரும் இந்தக் காந்த நுண்ணோக்கியை வாங்கினார்கள். அதன் குளிர்விப்பான் ஓயாமல் டக், டக் என்று அடிக்கும். அந்த அதிர்வு, அணுக்களைத் தொடாமல் தடவிப் படமெடுக்கும் ஊசிமுனைக்குப் போகாமல் தடுக்கவே ஒரு வருடம் சீவன் போனது. இருபத்திரண்டு நாள் தேடி, அணுக்கள் தெளிவாகத் தெரியும் ஒரேயொரு இடத்தில் முனையை நிறுத்தியிருந்தாள். ஒன்பது டெஸ்லா காந்தப்புலத்தில் அந்த இடத்தின் படம் கிடைத்தால் அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு முடிந்தது. நாளைக்கு இயந்திரம் வேறு குழுவுக்கு.

"நீங்க இன்டைக்கு வராம இருந்திருக்கலாம் தானே," என்றான் கூட வேலைசெய்யும் ஸைத்.

"பரவாயில்லை."

கைபேசி, வீட்டுத் திறப்பு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசல் பெட்டியில் போட்டாள். 'இரும்பு உள்ளே வரக்கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டியதே அவள்தான்.

படம் திரையில் வரிவரியாக இறங்கியது. பாதி வந்துவிட்டது. டக், டக். சத்தம் நின்றுவிட்டதோ என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்த பழக்கம். எழுந்துபோய்க் காந்த உருளையில் காதை வைக்கக் குனிந்தாள்.

டங்! பையிலிருந்த முடிச்சுப் பாய்ந்து உருளையில் ஒட்டியது. திரை முழுக்க வெள்ளை. முனை மோதிவிட்டது. இருபத்திரண்டு நாளும் மண்ணாய்ப் போயிற்று.

"யா அல்லாஹ்!" ஸைத் தலையில் கைவைத்தான். நிருஷாவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

காந்தப்புலத்தை இறக்க ஒரு மணித்தியாலம் ஆயிற்று. முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். பச்சைநிறச் சுண்ணாம்பு ஒட்டிய நீளமான ஆணி. வீட்டு விறாந்தைச் சுவரில் அப்பா சேர்ட் கொழுவுகிற ஆணி.

வாசலுக்குப் போய்க் கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, அப்பாட சேர்ட் எங்க?"

"கொழுவ இடமில்லை, பிள்ளை. மடிச்சு உள்ளுக்கு வைச்சிட்டன்."

அப்போதுதான் நிருஷா அழுதாள்.