இடது பெருவிரல்

வெள்ளைத் துணியை நாடாவாகக் கிழித்து, அண்ணனின் கைப்பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டப் போன வயிரவன் நிறுத்தினார்.

“என்னத்தா இது, விரல்ல இம்புட்டு மை?”

“நான் துடைக்கிறேன் சித்தப்பா. இப்பக் கட்டாதீக.”

சித்ரா முதலில் ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு சோப்பு. அதன் பிறகு தேங்காயெண்ணெய். மேலே இருந்த நீலம் போகப் போக, ரேகைகளின் இடுக்கில் இருந்தது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தேவகோட்டைச் சொந்தங்கள் வந்து இறங்கியதும், அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்த விரலோடு அப்பாவை அனுப்பக் கூடாது.

“விடுத்தா. எரியப் போற கை. இதுக்குப் போயி...”

“எலுமிச்சம்பழம் இருக்கான்னு பாருங்க சித்தப்பா.”

அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனார்.

அந்த மை நேற்று வங்கியில் பட்டது. அப்பா செம்மலையின் ஓய்வூதியக் கணக்கைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் முறை போனபோது அதிகாரி விடுப்பு. அடுத்த முறை சர்வர் வேலை செய்யவில்லை. நேற்று மூன்றாம் முறை. பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் சித்ராவின் வேலை. பன்னிரண்டுக்குள் வந்துவிடுவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டார். ‘செ’ சரியாக வந்தது. ‘ம்’மின் புள்ளி எங்கோ தள்ளி விழுந்தது. ‘லை’ நடுங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. கம்ப்யூட்டரில் இருந்த பழைய கையெழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டார். ஒன்பது தடவை. சித்ரா எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஒத்து வரலையேக்கா,” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கனிவாகத்தான் சொன்னாள். “ரேகைக்கு மாத்திட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். இந்த ஃபாரம் மட்டும் நிரப்பிக் குடுங்க.”

பின்னால் நின்றவர், “யம்மா, பெரியவரக் கைநாட்டு வைக்கச் சொல்லிட்டு அங்குட்டு நகருங்க. டோக்கன் ஓடிக்கிட்டே இருக்கு,” என்றார்.

சித்ரா வேகமாக நிரப்பினாள். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கடையில் யார் யாருக்கோ அடித்துப் பழகிய கட்டம். தலை நிமிர்ந்தபோது அப்பா அந்த வரியை உதடு அசைத்து, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தரம் போட்டுப் பாக்குறேன் ஆத்தா.”

“வச்சுத் தொலைங்கப்பா.”

அவள்தான் இடது பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினாள். அப்போது அவர் கையைப் பின்னால் இழுத்தாரா, அது வெறும் நடுக்கம்தானா என்று அவளுக்கு இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடியிருந்தார். அவரைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அவள் அதே பஸ்ஸில் கடைக்குப் போனாள். இன்று காலை காப்பி கொண்டுபோய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். நகராட்சியில் அப்பாவோடு வேலை பார்த்த காசிவிஸ்வநாதன் மாலையைப் போட்டுவிட்டு, அம்மா காளியாயியின் அருகே தரையில் உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆரம்பித்தார்.

“எங்க ஆபீசுல செம்மலை ரெண்டு பேரு. ஒருத்தன் கிளார்க்கு செம்மலை. குழாய் திறந்துவிடுற இவன் கைநாட்டு செம்மலை. சம்பளத்தன்னைக்கு அப்பிடித்தான் ஏலம் போடுவாங்ய. ஒருநா அறிவொளி வகுப்புல போயி உக்காந்தான். நாப்பது வயசுல. ஆறு மாசங்கழிச்சு ரிஜிஸ்டர்ல போட்டான் பாருங்க ஒரு கையெழுத்து, பக்கத்து ஆளு கட்டத்தையும் சேத்து அடைச்சுக்கிட்டு! அதுக்கப்புறம் எவனாச்சும் கைநாட்டுன்னு கூப்பிட்டா, அவன் தெருவுக்கு மறுநா தண்ணி அரை மணி நேரம் லேட்டு.”

இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காளியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நேத்துக்கூட பேங்குல ஒரே தடவையில போட்டுட்டேன்னு வந்து சொன்னாக அண்ணே. அந்த ஆபீசர் பிள்ள பாத்து அசந்துபோச்சாம். அதச் சொல்லிச் சொல்லி ரெண்டு தோசை கூடுதலாச் சாப்பிட்டாக.”

சித்தப்பா கொண்டுவந்த எலுமிச்சை மூடியால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த சித்ராவின் கை நின்றது.

“அப்பிடியாத்தா?” காசிவிஸ்வநாதன் அவள் பக்கம் திரும்பினார். “அவனுக்குக் கை நடுங்குமே. ஒரே தடவையிலயா போட்டான்?”

எதிரே வயிரவன் துணிநாடாவோடு நின்றார். அவர் கண் அந்த நீல விரலில் இருந்தது. பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

“ஆமா மாமா,” என்றாள் சித்ரா. “ஒரே தடவையிலதான் போட்டாக.”

“அவன் போடுவான்,” என்றார் காசிவிஸ்வநாதன்.

வயிரவன் குனிந்து அண்ணனின் கைகளைச் சேர்த்தார்.

“வலது மேல வரட்டும் சித்தப்பா.”

அவர் வலது பெருவிரலை மேலே வைத்து, வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். நகத்தின் ஓரம் மெல்லிய நீலக்கோடு தெரிந்தது. மாலையை இழுத்து அதன்மேல் விட்டார்.

சித்ரா எழுந்து வாசல் குழாய்க்குப் போனாள். நகராட்சித் தண்ணீர் வரும் நேரம். குடத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குடத்தை நகர்த்திக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். நேற்று அப்பாவின் விரலைப் பிடித்து அழுத்திய அவளது ஆள்காட்டி விரலின் உள்பக்கத்திலும் நீலம் இருந்தது.

குழாயடிச் செங்கல்மேல் சோப்பு இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. விரலை உள்ளே மடக்கிக்கொண்டு, கை நனையாமல் குழாயை மூடினாள்.