முகம் தெளிவாக இல்லை

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, உயரம் கூட்டிக் குறைக்கிற ஒரு ஸ்டூல். காது தெரிய வேண்டும், பல் தெரியக்கூடாது. கண்ணாடியைக் கழற்று, தாடையை இறக்கு, மூச்சை விடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் என் கூடப்பிறந்த அக்காவின் முகத்தைக் கெடுத்தேன். கெடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அழகாக்கினேன். வினையே அதுதான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாக வெளுக்கிற சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை. இருபத்துநான்கு வருடத்துக்கு முன் அங்கே ஒரு நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டதில் அவளுடைய வலது கன்னம் வெந்துபோனது. காதுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை சுருங்கிப்போன ஒரு தழும்பு. அன்றிலிருந்து அவள் எந்தப் படத்துக்கும் நேராக நின்றதில்லை. விசேஷ வீட்டில் யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். தம்பி படம் எடுத்தே காலம் தள்ளுகிறான், அக்காவுக்கு ஒரு படம் கிடையாது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. எல்லோருக்கும் அவள் வாலு. இருபத்தேழு வயதாகியும் வாலுதான். கடல் தாண்டி ஒரு தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்றாள், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாள். கடைசியில் கண்ணுக்குப் பின்னால் நரம்பை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி என்றார்கள். எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, பார்வை நிற்குமா போகுமா என்று மட்டும் கேட்காதீர்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அன்றைக்கு வாலு என் போனில்தான் கூப்பிட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நீ கெளம்பி வா. போன்ல உன்னப் பாக்க முடியலம்மா, வெளிச்சம் கண்ணக் குத்துது. ஒரு சாண் தூரத்துல வெச்சுப் பாத்தா இன்னும் எல்லாம் தெரியுது. நீ பக்கத்துல உக்காந்தா போதும். ஆபரேஷனுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒருவாட்டி நல்லாப் பாத்துக்கறேன்.”

“வரேன்டி. நடந்தாவது வந்துடுவேன்” என்றாள் அக்கா.

“கடல்ல எப்படி நடப்ப? மாமாகிட்டச் சொல்லி பாஸ்போர்ட் எடு.”

அவள் கேட்டது அவ்வளவுதான். அம்மாவின் முகம். அதை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அது பொறுப்பாகவே படவில்லை. நான் பார்க்காத பாஸ்போர்ட்டா?

மறுநாளே அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலப்பக்க விளக்கு இரண்டு நாளாக மினுக்கிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விட்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் முகத்தைத் திருப்பினாள். தாடையைப் பிடித்து நேராக்கினேன். “சாகறதுக்குள்ள உன்கிட்டயும் மாட்டிக்கிட்டேனே” என்றாள். எடுத்தேன், அவசர விண்ணப்பத்தில் இணைத்தேன், அனுப்பினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கீழே ஒரே ஒரு வரி: “முகம் தெளிவாக இல்லை. திருத்தி மீண்டும் அனுப்பவும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கேமராவில் தெளிவு இல்லையா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புருவத்து மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாலு நாளாக அழுத கண் உள்ளே போயிருந்தது. கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து, களையே இல்லை. ஓகோ, இதைத்தான் சொல்கிறார்களா என்று பிடிபட்டது. முகத்தில் தெளிவு இல்லை, திருத்து என்கிறார்கள். நியாயம்தானே, வெளியூர் போகிறவள் இழவு வீட்டுக்குப் போகிறவள் மாதிரியா இருப்பது? படம் வேறு, முகம் வேறு என்பது பதினெட்டு வருடம் தொழில் செய்தவனுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டால் அவளுக்கு அரை நாள் வேலை போகும். எனக்கோ பரீட்சை விண்ணப்பக் கூட்டம், கடை வாசல்வரை ஆள். எதற்கு அலைச்சல் என்று போன மாதம்தான் போட்டிருந்த ஏஐ செயலியைத் திறந்தேன். தமிழிலேயே சொன்னால் அதற்குப் புரிகிறது. படத்தை ஏற்றி, “முகத்தைத் தெளிவாக்கு” என்று தட்டினேன்.

தெளிவாக்கியது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிற்று. இமை கொஞ்சம் தூக்கி, தாடை கொஞ்சம் இறுகி, பத்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் அக்கா என்னைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், தழும்பு போனதை நான் கவனிக்கவில்லை. இருபத்துநான்கு வருடம் பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது. அக்கா பளிச்சென்று இருக்கிறாள் என்று மட்டும்தான் தோன்றியது. பழைய படத்தின் மேலேயே இதைச் சேமித்தேன். இரண்டு படம் வைத்து இடத்தை அடைப்பானேன் என்பது என் பழக்கம். அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இந்த முறை ஒரு கேள்வி இல்லை. புதன்கிழமை காலை விமானம், வியாழக்கிழமை காலை ஆபரேஷன்; விசா அங்கே இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அக்கா பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“யாருடா இவ?”

“நீதான்க்கா. வேற யாரு?”

“தழும்பு எங்கடா?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்தில் வலது கன்னம் மழமழவென்று இருந்தது. ஆனாலும் அலுவலகமே ஏற்றுக்கொண்டு அச்சடித்துத் தந்துவிட்டதே, இதற்கு மேல் என்ன?

“அது மெஷின் எடுத்துடுச்சுக்கா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க, விடு.”

“நல்லாத்தான் இருக்கா. டாக்டருங்க முடியாதுன்னுட்டாங்க, எந்தம்பி கடையில உக்காந்தே எடுத்துட்டான்.” சிரித்துக்கொண்டே பையில் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது சொல்லக் கூசுகிறது.

புதன்கிழமை விமான நிலையத்தில் முகம் பார்க்கிற ஒரு தடுப்பு இருந்தது. பாஸ்போர்ட்டைக் கீழே வைத்து மேலே கேமராவைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் திறந்தது. வழியனுப்ப வந்தவர்கள் நிற்கிற கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வைத்தாள். சிவப்பு. இன்னொரு முறை. சிவப்பு. முடியை ஒதுக்கிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி தாடையை இறக்கி, மூச்சை விட்டு, மூன்றாவது முறை. சிவப்பு.

சீருடை போட்ட ஒரு பெண் வந்து பாஸ்போர்ட்டை வாங்கினாள். அக்காவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“இது உங்க தங்கச்சியோடதாம்மா?”

“எனக்குத் தங்கச்சியே இல்லம்மா. நான்தான் இது.”

“கன்னத்துல இருக்கறது எப்ப வந்தது?”

“இருபத்துநாலு வருஷம் ஆச்சு.”

“பாஸ்போர்ட் போன வாரம் குடுத்ததுன்னு போட்டிருக்கு. படத்துல அது இல்லயே.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். ஸ்டூடியோக்காரன் நான்தான், நான்தான் செய்தேன், இவள் மேல் தப்பே இல்லை என்று கத்தினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். அந்தப் பெண் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டாவது ஆறுதல் அடையலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“எனக்குப் புரியுதும்மா. நீங்கதான்னு எனக்கே தெரியுது. ஆனா அது ஒத்துக்காம நான் கதவத் தொறக்க முடியாது. பாஸ்போர்ட்ட நான் பிடிச்சு வெச்சுத்தான் ஆகணும்.”

விமானம் அக்கா இல்லாமல் போயிற்று.

அங்கிருந்து நேராக என் கடைக்கு எதிரே உள்ள அலுவலகத்துக்குப் போனோம். அங்கே நாலாம் நம்பர் ஜன்னலில் இருப்பவரை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அவருக்கு நான் ஸ்டூடியோ, எனக்கு அவர் நாலாம் நம்பர். கணினியில் எதையோ தேடிப் படித்தார்.

“முதல் படம் ஏன் திரும்புச்சு தெரியுமா? வலது பக்கம் நிழல் அடிச்சிருக்கு. அதத்தான் தெளிவா இல்லன்னு எழுதியிருக்காங்க. வேற ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்.”

“திருத்தி அனுப்புன்னு போட்டிருந்துச்சே சார்.”

“விண்ணப்பத்தத் திருத்தச் சொன்னா நீ ஆளயே திருத்திட்டியேய்யா!”

“சார், நாளைக்குக் காலையில ஆபரேஷன். இப்பவே புதுசா எடுத்துத் தரேன். ரெண்டு நிமிஷம்.”

“இனிமே இது போட்டோ விஷயம் இல்ல ஸ்டூடியோ. ஆள்மாறாட்டம்னு பதிவாயிடுச்சு. விசாரிச்சு முடிச்சுத்தான் புதுசு தருவாங்க. இருபத்தோரு வேலை நாள்.” குரலைத் தாழ்த்தினார். “எம் பொண்ணா இருந்தாலும் இதே பதில்தான் சொல்லணும்.”

மேலதிகாரியிடம் போனோம். அவருக்கு மேலே இருப்பவரிடம் போனோம். எல்லோரும் நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தேதியை மட்டும் யாராலும் கொடுக்க முடியவில்லை. அக்கா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாலு போன் செய்தபோது, “பிளேன் ரத்தாயிடுச்சுடி, இயந்திரக் கோளாறாம்” என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தோம். வாலு கூப்பிட்டாள்.

“மாமா, அம்மாதான் வர முடியல. அம்மா படம் ஒண்ணு அனுப்புங்க, நேராப் பாக்கற மாதிரி. நர்ஸ் பெருசா அச்சடிச்சுத் தரேன்னாங்க. காகிதத்துல இருந்தா கண்ணுகிட்ட வெச்சுப் பாத்துக்குவேன். கால்மணி நேரம்தான் இருக்கு.”

விளக்கைப் போட்டேன். “உக்காருக்கா, இப்பவே எடுக்கறேன்” என்றேன். அக்கா சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். இரவு முழுக்க அழுது முகம் வீங்கி, கண் இடுங்கிக் கிடந்தது.

“இந்த மூஞ்சியையா? இதப் பாத்தா அவ பயந்துபோயிடுவா. அழுதுக்கிட்டிருக்கேன்னு தெரிஞ்சிடும். வேண்டாம்.”

“பரவால்லக்கா, இது நீ...”

“பாஸ்போர்ட்டுக்கு எடுத்தல்ல, அத அனுப்பு. அதுல தைரியமா இருக்கேன்.”

நான் தயங்கினேன். அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். கால்மணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது. வேறு படம் எங்களிடம் ஏது? அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து மணி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். வாலுவின் குரல் அமைதியாக இருந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“அம்மா, படம் வந்துச்சு.”

“பாத்தியாடி கண்ணு?”

“பாத்தேம்மா. முடி தெரியுது. கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது. உன் தழும்பத்தான் தேடறேன். எவ்ளோ கிட்ட வெச்சாலும் தெரியலம்மா. மூக்கு காகிதத்துல இடிக்கற அளவுக்கு வெச்சுப் பாத்துட்டேன். அந்தக் கன்னமே வெறும் வெள்ளையாத் தெரியுது. கண்ணு போயிடுச்சும்மா. அவங்க எடுக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. டாக்டருக்குத்தான் தெரியல. நீ அழாத, என்ன? நான் தயாராயிட்டேன்.”

“இல்லடி! உன் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு! அது மாமா...” என்று அக்கா கத்தினாள்.

நான் போனைப் பிடுங்கினேன். “வாலு, படத்துலயே தழும்பு இல்லடா! நான்தான் அழிச்சேன்! உனக்கு எல்லாம் தெரியுதுடா, கேக்குதா?” அந்தப் பக்கம் கட்டில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. யாரோ புரியாத மொழியில் கனிவாக ஏதோ சொன்னார்கள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று வந்தது. ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் எனக்குத் தெரியாத மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தது. நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லிக் குரல் பதிவாக வாலுவுக்கு அனுப்பினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு போய்ச் சேரவில்லை.