வக்கீல் துளசிராமனும் மின்வெட்டும்

வக்கீல் துளசிராமன் காதுபட யாராவது பொய் சொன்னால் அந்தத் தெருவுக்கே கரண்ட் போய்விடும். சொன்னவர் அதைத் திருத்திச் சொன்னால் வந்துவிடும். அவர் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் வாரத்திலேயே, திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறில், எதிர்த்தரப்புச் சாட்சி தான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொன்னபோது இது தெரியவந்தது. மின்வாரியத்து ஆட்கள் டிரான்ஸ்பார்மரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார்கள், பழுது ஒன்றுமில்லை. துளசிராமன் திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் என்பதால் அதுவரை யாரும் கவனித்திருக்கவில்லை. மூன்றே வருஷத்தில் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி வக்கீல்கள் அவர் எதிரில் எதையும் அடித்துச் சொல்வதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்கப் பழகிக்கொண்டார்கள். கேள்வியில் பொய் கிடையாது.

ஊரே நம்பிய இந்தச் சங்கதியைக் கன்னியம்மா ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவள் புருஷன் யேசுதாஸ் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் சங்கிலி அறுந்து விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால்தான் ஒதுங்கத் தெரியாமல் நின்றான் என்று ஆலைக்குள் பேச்சு கிளம்பியது. ஆலை ஆட்கள் கேரி பேக்கில் சுற்றி அவளிடம் கொடுத்த அவன் சட்டை சரக்கு வாடை அடித்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், இனித் தொடமாட்டேன் என்று சர்ச்சில் முழங்கால் போட்டு அவன் சத்தியம் செய்திருந்தான். சட்டையை முகர்ந்த கன்னியம்மாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. துளசிராமன் அவளுக்காக நடத்திய நஷ்டஈட்டு வழக்கில் ஆலை மேனேஜர் கூண்டேற மறுத்துவிட்டார். கம்பெனி வக்கீல் அவளைத்தான் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் குடிச்சிருந்தாராம்மா?" இரண்டு பெண்பிள்ளைகளை மனசில் நினைத்துக்கொண்டு, "இல்ல சார், தொடவே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கு ஜெயித்தது. தான் சொன்னது பொய் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் கரண்ட் ஏன் போகவில்லை? துளசிராமன் தனக்கு வேண்டியபோது நிறுத்துகிறார், வேண்டாதபோது விட்டுவிடுகிறார். வேறென்ன இருக்க முடியும்?

லைன்மேன் சுப்பிரமணியை அவள் சந்தையில் மடக்கினாள். "அண்ணே, அந்த வக்கீலுக்கு நீதான் ஃபியூஸப் புடுங்கிக்கினு கீறியா?" சுப்பிரமணி பெரியபாளையத்தம்மன் மேல் சத்தியம் பண்ணினார். அதையும் அவள் நம்பவில்லை. துளசிராமன் தேர்தலில் நின்றபோது மேடைக்கு மேடை ஜெனரேட்டர் வைத்துக்கொண்டதைக் கவனித்து வைத்தாள். ஆறே மாதத்தில் குடிநீர் என்று அவர் சொன்னபோது தெருவிளக்கு ஒன்றுகூட அணையவில்லை. குழாய் வந்ததென்னவோ நாலாம் வருஷம். இனிமேல் நடக்கப்போவதற்கு மெய்யும் இல்லை பொய்யும் இல்லை என்று கட்சிக்காரர்கள் விளக்கம் சொன்னார்கள். கன்னியம்மா எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டாள். துளசிராமன்தான் ஜெயித்தார். அவர் உட்கார்ந்த கட்சிக் கூட்டங்களோ ஒவ்வொன்றாக இருண்டன. கடைசியில், செயற்குழு மூன்று நாள் தொடர்ந்து இருட்டில் நடந்தபின், தலைவர்கள் துண்டால் விசிறிக்கொண்டே, இப்பேர்ப்பட்ட சட்ட மூளை உலகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, டெல்லியில் சொல்லி அவரைக் கடல் எல்லை வழக்குகள் கேட்கும் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு நீதிபதியாக அனுப்பிவைத்தார்கள். குளிர் கடலோரத்தில் இருந்த அந்த நகரத்தில், ஒரு தீவுக்காக இரண்டு நாடுகள் வாதாடிய மாதம் முழுக்க டிராம் ஓடவில்லை. அடுத்த வருஷம் அந்த நாடுகளின் வக்கீல்களும் கேள்வியாகவே பேசக் கற்றுக்கொண்டார்கள்.

போன ஆடியில் பெரியபாளையத்துக்கு வேண்டுதலைச் செலுத்த வந்த துளசிராமன், திரும்புகிற வழியில் கன்னியம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். மத்தியானம். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தான் உட்காரவில்லை.

"மெய்யா சொல்லுங்க சார். இந்த கரண்ட்டு மேட்டருல உங்க கை இன்னா?"

"எதுவும் இல்லம்மா. ஏன் போகுது, ஏன் வருதுன்னு எனக்கே தெரியாது."

ஃபேன் சுற்றிக்கொண்டேயிருந்தது. அது அவளுக்குப் போதவில்லை. அன்றைக்குக் கோர்ட்டில் சொன்னதற்கும் இன்றைக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்வதற்கும் ஃபேன் ஓடினால் இவர் குட்டு உடைந்துவிடும். இருபது வருஷமாக யாரிடமும், முக்கியமாக இவர் எதிரில், சொல்லாததை அவள் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு அன்னிக்குக் குடிச்சிட்டுதான் சார் ஷிப்ட்டுக்குப் போனாரு."

ஃபேன் நின்றது.

கன்னியம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எதிர்வீட்டில் டிவி நின்றிருந்தது, வெல்டிங் பட்டறையில் சத்தமில்லை. ஷட்டவுன் நாளா என்று யோசித்தாள், இல்லை. உள்ளே வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். துளசிராமன் வேர்த்து வழிந்தபடி காத்திருந்தார். கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளுக்கு அவர் அப்படிக் காத்திருந்திருக்கிறார். வெகுநேரம் கழித்து, "குடிக்கல" என்றாள் அவள். ஃபேன் மெல்ல அசைந்து வேகம் பிடித்தது. "அவரு குடிக்கல. சொன்ன சொல்லக் காப்பாத்திக்கினுதான் போயிருக்காரு. நான்தான் ஒரு கல்லறைத் திருநாளுக்குக்கூட போவாம கெடந்தேன்."

"செத்தப்புறம் சட்டையில ஊத்தியிருக்காங்கம்மா" என்றார் துளசிராமன். ஃபேன் நிற்கவில்லை. இரண்டு பேரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சட்டையை முகர்ந்த அன்றைக்கு நின்றுபோன அழுகையை அழத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு ஷைனி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "இன்னாக்கா, கரண்ட்டு போய்ப் போய் வருது?"

"ஜட்ஜு வந்துகீறாரு ஷைனி. நான் ஒண்ணத் தப்பா சொல்லிட்டேன்."

"பாத்துப் பேசுக்கா" என்றாள் ஷைனி. "மிக்ஸில மொளகா அரைச்சிக்கினு கீறேன்."